மதிவதனியும் தொண்ணூற்றொரு சதவீதமும்

ஒரு வாரமாக அந்த வீட்டில் ஒரே ஓர் எண்ணைப் பற்றித்தான் பேச்சு. தொண்ணூற்றொன்று.

தங்கம் விலை இல்லை, யாருடைய ரத்த அழுத்தமும் இல்லை. மதிவதனி எழுதிய எம்.ஏ. ஆய்வேட்டைக் கல்லூரியில் ஒரு சாஃப்ட்வேரில் போட்டுப் பார்த்தார்கள். இதில் தொண்ணூற்றொரு சதவீதம் ஏ.ஐ. எழுதியது என்று அது சொல்லிவிட்டது. மிச்சம் ஒன்பது சதவீதத்தைப் பெரிய மனசு பண்ணி மதிவதனிக்கு விட்டுக்கொடுத்தது.

போன வாரத்தைத் தவறவிட்டவர்களுக்கு இரண்டு வார்த்தை. செங்கம் ரோட்டை ஒட்டிய சந்தில், மாடியில் மூன்று அறைகளை வெளியூர்க்காரர்களுக்கும் வெளிநாட்டுக்காரர்களுக்கும் வாடகைக்கு விடுகிறாள் அருணாதேவி. கணவர் இராமலிங்கம் கீழ்பென்னாத்தூரில் வேர்க்கடலை, அவர் பேச்சில் மல்லாட்டை, வியாபாரம். மகன் வல்லரசு கல்லூரிக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறான். மகள் மதிவதனி சமூகவியல் கடைசி வருஷம். துறைத் தலைவர் சக்கரபாணி ஒரு வாரம் அவகாசம் கொடுத்திருந்தார். திருத்தி எழுதி, எண்ணை இருபதுக்குக் கீழே கொண்டுவர வேண்டும். வீட்டுப் பெரியவர் ஒருவரையும் கூட்டிக்கொண்டு வர வேண்டும். இல்லையென்றால் இந்த வருஷம் பட்டம் கிடையாது.

"நான் எழுதினதை நானே எதுக்கு மாத்தணும்? ஒரு வரியைக்கூடத் தொட மாட்டேன்" என்று மதிவதனி சொல்லிவிட்டாள்.

"மிஷினுக்கு நம்ம மேல இன்னா பகை? அது எதுக்குப் பொய் சொல்லப் போவுது?" என்று இராமலிங்கம் கேட்டுவிட்டார்.

அன்றிலிருந்து அப்பாவும் மகளும் பேசிக்கொள்ளவில்லை. அந்த ஒரு வாரம் இன்றோடு முடிகிறது.

அருணாதேவி காலையில் பீரோவைத் திறந்து அரக்குப் பட்டுப்புடவையை எடுத்து உடுத்திக்கொண்டாள். தலை வாரிக்கொண்டிருந்த மதிவதனி கண்ணாடியில் பார்த்துவிட்டுத் திரும்பினாள்.

"என்கொயரிக்குப் போறோம்மா. கல்யாணத்துக்கு இல்ல."

"தப்பு பண்ணவங்கதான் பழைய புடவை கட்டிக்கினு தலையைக் குனிஞ்சிக்கினு போவணும். நாம எதுக்குப் போவணும்?"

மாடி அறைகளில் இருந்தவர்களுக்கு இட்லியை ஹாட்பாக்ஸில் போட்டு வைத்துவிட்டுக் கிளம்பினாள். எதிர்வீட்டுக்காரி காசியம்மாள் வாசலில் தண்ணீர் தெளித்துக்கொண்டே, "மதிக்கு காலேஜ்ல பிரைஸ் தராங்களா?" என்று கேட்டாள். "இன்னும் தரல. தருவாங்க" என்று சொல்லிவிட்டு ஆட்டோவில் ஏறிக்கொண்டாள் அருணாதேவி. பொய் சொன்ன மாதிரியே அவளுக்குத் தோன்றவில்லை.

முந்தின நாள் பௌர்ணமி. கிரிவலம் வந்த கூட்டம் பாதி இன்னும் ஊரிலேயே இருந்தது. ஆட்டோ ஊர்ந்து ஊர்ந்து கல்லூரி வாசலை அடைந்தபோது வல்லரசு கடையை மூடிவிட்டு அங்கே தயாராக நின்றுகொண்டிருந்தான். ஆய்வேட்டை பிரின்ட் போட்டு, பைண்டு பண்ணி, முந்தின நாளே கல்லூரிக் கம்ப்யூட்டரில் ஏற்றியதெல்லாம் அவன்தான். தங்கைக்கு அதைக்கூடச் செய்யாவிட்டால் ஜெராக்ஸ் கடை எதற்கு?

"ஒண்ணும் கவலைப்படாத மதி. இந்தத் தடவை நம்பர் கம்மியாத்தான் வரும்" என்றான்.

"அதே ஆய்வேடு, அதே மிஷின். எப்படிணா கம்மியா வரும்?"

"வரும்னா வரும்." அதற்கு மேல் நிற்காமல் டீ சொல்லப் போய்விட்டான். பிள்ளைக்கு எவ்வளவு நம்பிக்கை என்று அருணாதேவி உள்ளூரப் பூரித்துப்போனாள். அம்மாக்கள் சில சமயம் இப்படித்தான் ஏமாந்துபோகிறார்கள்.

துறை அறைக்கு வெளியே பெஞ்சில் காத்திருக்கும்போது, போன வாரம் கல்லூரி கொடுத்த ரிப்போர்ட்டை மகளிடமிருந்து வாங்கிப் பார்த்தாள். மெஷின் எழுதியது என்று சந்தேகப்பட்ட வரிகள் எல்லாவற்றுக்கும் மஞ்சள் பூசியிருந்தார்கள். பக்கம் பக்கமாக மஞ்சள்.

ஆய்வு அவர்கள் சந்தைப் பற்றித்தான். ஒரு வாரத்துக்கு என்று வந்து வருஷக்கணக்காகத் தங்கிவிட்டவர்களைப் பற்றியும், அவர்களுக்கு அறை விட்டவர்களைப் பற்றியும். அருணாதேவி பி.காம். படித்தவள். இங்கிலீஷ் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு என்று சொல்ல முடியாது. ஆனால் மகள் எழுதியது ஒவ்வொரு வரியும் புரிந்தது. சின்னச் சின்ன வாக்கியம். ஒரு வாக்கியத்துக்கு ஒரே விஷயம். எல்லாருக்கும் தெரிந்த வார்த்தை. முதலில் போட்ட வார்த்தையையே கடைசி வரைக்கும் போட்டிருந்தாள்.

எங்கேயோ பார்த்த எழுத்தாக இருக்கிறதே என்று யோசித்தவளுக்குச் சட்டென்று பிடிபட்டது. அது அவள் வீட்டு மாடிச் சுவரில் ஒட்டியிருக்கும் எழுத்து.

ஆறு மணிக்குத் தண்ணீர் வரும். வாளியை நிரப்பிக்கொள்ளவும். குரங்குக்குச் சாப்பாடு கொடுக்க வேண்டாம். கொடுத்தால் அது நாளைக்கும் வரும்.

மாடிக்கு வருகிறவர்களில் இத்தாலிக்காரர் உண்டு, கொரியாக்காரர் உண்டு, நம் வடநாட்டு அம்மாக்கள் உண்டு. அவர்களுக்கும் இங்கிலீஷ் அரைகுறைதான். அவர்களுக்குப் புரிகிற மாதிரி நோட்டீஸ் எழுத வேண்டும் என்று அருணாதேவி சொல்லச் சொல்ல, பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே எழுத ஆரம்பித்தவள் மதிவதனி. 'பெரிய வார்த்தை வேணாம்டி, அவங்க முழிப்பாங்க' என்று எத்தனை தடவை அடித்துத் திருத்த வைத்திருப்பாள். அந்தத் தெளிவைத்தான் மெஷின் பார்த்துவிட்டு, மனுஷர் இப்படி எழுத மாட்டார் என்று சொல்லியிருக்கிறது.

அவளுக்குக் கோபம் வந்தது. கூடவே, ஒளிப்பானேன், பெருமையாகவும் இருந்தது. என் பெண் எழுதுவது என் வீட்டு இங்கிலீஷ்.

"உள்ள வாங்க" என்று கூப்பிட்டார்கள். டீ சொல்லப் போன வல்லரசும் வந்து சேர்ந்துகொண்டான்.

சக்கரபாணி கெட்ட மனிதர் இல்லை. மேஜைமேல் அடுக்கியிருந்த ஆய்வேடுகளைப் பார்த்தாலே அவர்மேல் இரக்கம் வந்துவிடும். பக்கத்தில் மதிவதனிக்கு வழிகாட்டியான ரேணுகாம்பாள் மேடம் உட்கார்ந்திருந்தார். இரண்டு மூன்று தடவை அவர்கள் சந்துக்கே நேரில் வந்து பார்த்தவர்.

சக்கரபாணி முகமெல்லாம் சிரிப்பாகக் கம்ப்யூட்டர் திரையை இவர்கள் பக்கம் திருப்பினார்.

"ஆறு" என்றார். "தொண்ணூத்தொண்ணுலேருந்து ஆறு. இதைத்தாம்மா நான் எதிர்பார்த்தேன். அடம் பிடிக்காம உக்காந்து உன் சொந்த நடையில எழுதியிருக்கே பாரு. உங்க பொண்ணு பெரிய ஆளா வருவா, அம்மா."

அருணாதேவிக்கு உடம்பு லேசாகிவிட்டது. கையெடுத்துக் கும்பிடலாமா என்று நினைத்தவள் மகளைத் திரும்பிப் பார்த்தாள். மதிவதனியின் முகத்தில் சந்தோஷம் இல்லை. குழப்பம்தான் இருந்தது.

"சார், நான் எதையும் மாத்தலையே" என்று சொல்லிக்கொண்டே மேஜைமேல் இருந்த பைண்டு பண்ணிய பிரதியை எடுத்துப் புரட்டினாள். முதல் பக்கத்தைப் பார்த்தாள். நடுவில் ஒரு பக்கம். பிறகு வேகவேகமாகத் தள்ளிக்கொண்டே போய் ஓரிடத்தில் நின்றாள்.

அது எதிர்வீட்டுக் காசியம்மாள் பேசிய இடம். பக்கத்தறையில் பல வருஷம் குடியிருந்த ஒரு பெண்ணைப் பற்றி, 'நான் வுட்டது ரூமைத்தான். எங்க வீட்டு சாவுக்கு அவ என்னோட சேந்து அழுதா' என்று காசியம்மாள் சொல்லியிருந்தாள். மதிவதனி அதை அப்படியே சின்ன இங்கிலீஷில் இரண்டே வாக்கியமாக எழுதியிருந்தாள். இப்போது அங்கே இருந்ததைத் தமிழாக்கினால் இப்படி வரும்: 'நான் குடியிருப்பு வசதியைக் குத்தகைக்கு வழங்கினேன், எமது இல்லத்தின் துயர நிகழ்வின்போது மேற்படி பெண்மணி உணர்ச்சி வெளிப்பாட்டில் பங்கேற்றார்.'

மதிவதனி மெல்லத் திரும்பி அண்ணனைப் பார்த்தாள்.

வல்லரசு தரையைப் பார்த்தான். அருணாதேவிக்கு அப்போதுதான் வாசலில் அவன் சொன்ன 'வரும்னா வரும்' விளங்கியது. அவன் கடைக் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரையும் அவள் பார்த்ததுண்டு. 'ஏ.ஐ. பர்சென்ட் கம்மி செய்து தரப்படும்.' மனுஷன் எழுதிய மாதிரி மாற்றித் தருகிறேன் என்று சொல்லும் இன்னொரு மெஷின் அது. கடைக்கு வரும் பிள்ளைகளுக்கெல்லாம் செய்துகொடுப்பதைத் தங்கைக்கும் அவன் செய்துவிட்டான். அவளைக் கேட்கவில்லை. கேட்டால் விட மாட்டாள் என்று அவனுக்குத் தெரியும்.

அறையில் வேறு யாருக்கும் ஒன்றும் தெரியாது. சக்கரபாணி கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்துவிட்டார். வாயைத் திறக்காமல் இருந்தால் பட்டம். திறந்தால், கொடுத்த பிரதி மெஷின் எழுதியது என்று தானே ஒப்புக்கொண்ட மாதிரி; பழைய பிரதியைக் காட்டினால் அதில் தொண்ணூற்றொன்று. இரண்டு பக்கமும் அடி.

'கம்முனு இருடி' என்று ஒரு கணம் அருணாதேவியின் மனசு கெஞ்சியது. பெற்றவளாயிற்றே.

"சார்" என்றாள் மதிவதனி. "இது நான் எழுதினது இல்ல."

பேனா நின்றது.

"எது?"

"இந்த ஆறு சதவீதம். இது ஒரு மிஷின் எழுதினது சார். போன வாரம் நீங்க மிஷின் எழுதினதுன்னு சொன்னீங்களே, அந்தத் தொண்ணூத்தொண்ணு, அதுதான் நான் எழுதினது."

சக்கரபாணி அவளையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார். "இன்னாமா குழப்புறே? நான் பாஸ் போடப் போறேன். நீயே எதுக்குக் கெடுத்துக்கிறே?"

"இதுல காசியம்மாள் அத்தை சொன்னது இல்ல சார். அவங்க இப்படிப் பேசவே மாட்டாங்க. என்னை நம்பி வீட்டு விஷயமெல்லாம் சொன்னாங்க. அவங்க வாயில இதை வெச்சு நான் பட்டம் வாங்க முடியாது."

வல்லரசு எழுந்து நின்றான். பெரிய உடம்பு, சின்னக் குரல். "அவளுக்குத் தெரியாது சார். நான்தான் பண்ணேன். என் கடைல ஒரு மிஷின் இருக்கு. அதுல போட்டு எடுத்தா உங்க மிஷின் கண்டுபிடிக்காது."

"இவ ஒருத்திக்குத்தானா?"

வல்லரசு அம்மாவைப் பார்த்தான். அருணாதேவி 'சொல்லு' என்று தலையசைத்தாள்.

"உங்க டிபார்ட்மென்ட்டுல ஏ.ஐ.ல எழுதினவங்க நிறைய பேர் எங்க கடைக்கு வந்தாங்க சார். எல்லாம் அஞ்சு, எட்டுன்னு வாங்கிக்கினு போயிட்டாங்க. சொந்தமா எழுதினவங்க எதுக்கு வரப்போறாங்க? அவங்கதான் மாட்டிக்கினாங்க."

ரேணுகாம்பாள் மேடம் தன் பையிலிருந்து முதல் பிரதியை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"சார், ரெண்டையும் பக்கத்துல வெச்சு ஒரு பக்கம் படிச்சுப் பாருங்க."

சக்கரபாணி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். இதில் ஒரு பக்கம், அதில் ஒரு பக்கம். அப்புறம் முதல் பிரதியிலேயே இன்னும் சில பக்கங்கள். அங்கங்கே கேள்வி கேட்டார். வாடகை ஒப்பந்தம் ஏன் யாரும் எழுதிக்கொள்வதில்லை, வீட்டுக்காரர்கள் தங்குகிறவர்களை எப்போது பெயர் சொல்லிக் கூப்பிட ஆரம்பிக்கிறார்கள், எந்த வீட்டில் சண்டை வந்தது, எதனால். மதிவதனி ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். புத்தகத்தில் இல்லாததையும் சொன்னாள். யார் பேச மறுத்தார்கள், யார் பேசிவிட்டு அதை எழுத வேண்டாம் என்றார்கள் என்றெல்லாம் சொன்னாள். ஒரு கேள்விக்கு மட்டும், "அது எனக்குத் தெரியல சார், கேக்காம விட்டுட்டேன்" என்றாள்.

அந்தப் பதிலில்தான் மனிதர் விழுந்துவிட்டார் என்று அருணாதேவி பிற்பாடு எல்லாரிடமும் சொன்னாள்.

"நான் இதைப் படிக்கவே இல்லம்மா" என்றார் சக்கரபாணி. "நம்பரைத்தான் படிச்சேன்."

அவரே ஆறு சதவீதப் பிரதியை ஒதுக்கிவைத்துவிட்டு, முதல் பிரதியை இழுத்து அதில் கையெழுத்துப் போட்டார். அடுத்து ரேணுகாம்பாள் போட்டார். வல்லரசை நாளைக்குத் தனியாக வந்து பார்க்கச் சொன்னார் சக்கரபாணி. சொன்ன தோரணையில் அது பாராட்டுவதற்காக இல்லை என்பது எல்லாருக்கும் புரிந்தது. வல்லரசுக்கும் புரிந்தது.

மதிவதனி இன்னும் எழுந்திருக்கவில்லை.

"சார், போன வருஷம் பி.ஏ.ல தமிழ்செல்வின்னு ஒரு பொண்ணு. எனக்கு ஜூனியர். எண்பத்தெட்டு வந்ததுன்னு நிறுத்திட்டீங்க."

"அந்தப் பொண்ணு ஒத்துக்கிட்டு எழுதிக் கொடுத்துச்சே."

"அவ எங்க அண்ணன் கடைக்கு வரல சார்."

சக்கரபாணி பேனாவை மூடினார், திறந்தார், மறுபடி மூடினார். "வரச் சொல்லு" என்றார் கடைசியில். "இந்த வாரத்துக்குள்ள வந்தா நானே உக்காந்து படிக்கிறேன். அதுக்கு அப்புறம் என் கையில இல்ல, பல்கலைக்கழகத்துக்குப் போயிடும்."

வெளியே வந்ததும் அருணாதேவி மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள். கட்டிப்பிடிக்க வேண்டும்போல இருந்தது. கல்லூரி வாசலில் அத்தனை பிள்ளைகள் நடுவே கூச்சம் தடுத்தது. பெற்றால் இப்படிப் பெற வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள். வெளியே சொல்லவும் செய்தாள்.

"சும்மா இருந்திருந்தா கிடைச்சிருக்கும். வேணாம்னு தள்ளிட்டு, கேட்டு வாங்கினே பாரு. எனக்கு அது போதும்டி."

பின்னால் வந்த வல்லரசு, "ஸ்டிக்கரை இன்னைக்கே கிழிச்சிடறேன் மதி" என்றான்.

"முதல்ல கிழி. அப்புறமா உன்னைத் திட்டறேன்" என்றாள் தங்கை. அவன் கடையைப் பார்த்து நடந்தான்.

மதிவதனி அங்கேயே வேப்பமரத்தடியில் நின்று தமிழ்செல்விக்குப் போன் போட்டாள். அம்மாவுக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தாள். நெடுநேரம் கழித்து எடுத்த குரல் பயந்து பயந்து பேசியது. மதிவதனி நடந்ததையெல்லாம் ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள்.

"அதுதான் முடிஞ்சுபோச்சேக்கா" என்றது குரல். "நான் கையெழுத்துப் போட்டுட்டேனே."

"பண்ணாததுக்கு எதுக்குடி போட்டே?"

"மிஷின் சொல்லுது, சார் சொல்றாரு, வீட்டுல அப்பாவும் அதையே சொல்றாரு. எல்லாரும் சொல்லச் சொல்ல எனக்கே தெரியலக்கா. நான்தான் எழுதினேனான்னு எனக்கே சந்தேகமாயிடுச்சு."

ஒரு வாரமாக ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத மதிவதனி அழுதாள். "நீதான்டி எழுதின. எனக்குத் தெரியும். ராத்திரியெல்லாம் போன்ல என்கிட்டப் படிச்சுக் காட்டினியே."

"யாரு போன்ல? காலேஜா? குடு இங்க" என்று ஓர் ஆண் குரல் குறுக்கே வந்தது. லைன் அறுந்தது. மறுபடி போட்டால் ஸ்விட்ச் ஆஃப்.

"அவங்க அப்பா" என்றாள் மதிவதனி கண்ணைத் துடைத்துக்கொண்டு. "கண்ணாயிரம்னு பேரு. ஊரு கீழ்பென்னாத்தூர் பக்கம்."

அருணாதேவி தன் போனை எடுத்துக் கணவரைக் கூப்பிட்டாள். எடுத்ததும் அவர், "இன்னா ஆச்சு?" என்றார். காலையிலிருந்து போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த குரல் அது.

நடந்ததைச் சொன்னாள். ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை. அந்தப் பக்கம் மல்லாட்டை மூட்டை இறக்கும் சத்தமும் ஆட்கள் பேசும் சத்தமும் கேட்டன.

"கண்ணாயிரம்னு ஒருத்தரு, தெரியுமா உங்களுக்கு?"

"தெரியாம இன்னா? நம்மகிட்டதான் மல்லாட்டை போடறான். ஏன், இன்னைக்கு சாயங்காலம் அவன் பொண்ணுக்குப் பூ வெச்சு நிச்சயம் பண்றாங்க. என்னைக்கூடக் கூப்பிட்டிருக்கான். படிப்பு நின்னுபோச்சு, இனிமே எதுக்கு வெச்சிருக்கணும்னு சொன்னான்."

மதிவதனி அம்மாவின் கையைப் பற்றினாள்.

"நாங்க ரெண்டு பேரும் இப்பவே பஸ் ஏறி வரோம்" என்றாள் அருணாதேவி. "நானோ இவளோ சொன்னா அவரு காதுல ஏறாது. நீங்க கூட வரணும். மிஷின் பேச்சை நம்பிட்டு, பெத்த பொண்ணை நம்பாம இருந்தேன்னு நீங்கதான் அவருகிட்டச் சொல்லணும். ஒரு அப்பனுக்கு இன்னொரு அப்பன்தான் இதைச் சொல்ல முடியும்."

மூட்டை இறக்கும் சத்தம் தூரமாகப் போனது. எழுந்து எங்கேயோ ஒதுங்கி நடந்திருக்கிறார் என்று தெரிந்தது.

"பஸ் ஸ்டாண்டுல நிக்கிறேன், வாங்க" என்றார் இராமலிங்கம். "போனை மதிகிட்ட குடு."